பாஸ்ட்புட் கடைக்கு போர்டும் மெனுவும் எழுதுவது எப்படி

கரூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துச் சந்தில் 2006-லிருந்து டிடிபி கடை வைத்திருக்கிறேன். காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி மூன்றுக்கும் அடுத்தபடியாக என் கம்ப்யூட்டரில் அதிகம் கிடப்பவை பாஸ்ட்புட் கடைகளின் போர்டும் மெனு கார்டும்தான். புதுசாகக் கடை போடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு துண்டுச்சீட்டோடு வருவார்கள். சிகரெட் அட்டையின் உள்பக்கத்தில்கூட எழுதிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

அப்படி வந்த ஒரு சீட்டில் "பாஸ்ட் புட்டு" என்று இருந்தது. அன்றைக்கு நான் ஊரில் இல்லை. வேலைக்குச் சேர்ந்து பத்து நாள்கூட ஆகாத பையன் சீட்டில் இருந்ததை அப்படியே அடித்தான். படம் இல்லாமல் போர்டு மொட்டையாக இருக்கிறதே என்று நெட்டில் தேடி, ஆவி பறக்கும் குழாய்ப்புட்டும் கொண்டைக்கடலையும் இருக்கிற படம் ஒன்றை எடுத்து வைத்து, எட்டுக்கு நாலில் ஃபிளெக்ஸ் போட்டுக் கொடுத்துவிட்டான். கடைக்காரர் அவசரத்தில் பிரித்துக்கூடப் பார்க்காமல் இருட்டில் கட்டியிருக்கிறார். மறுநாள் சாயங்காலம் இரண்டு பேர் வந்து புட்டு கேட்டிருக்கிறார்கள். "ஏனக்கா, நான் என்ன சேட்டன் கடையா போட்டிருக்கேன்?" என்று போனில் கத்தினார். பணம் வாங்காமல் வேறு போர்டு போட்டுக் கொடுத்தேன்.

பையன் மேல் மட்டும் தப்பில்லை. எழுதும்போதுதான் அது "புட்". பேச்சில் "பாஸ்ட்புட்டுக்குப் போலாமா", "பாஸ்ட்புட்டுல சாப்பிட்டேன்" என்று வேற்றுமை உருபு ஒட்டியதுமே புட்டு ஆகிவிடுகிறது. ஒரு சொல்லை தினமும் நூறு தடவை சொல்கிறோம், ஆனால் எழுத உட்கார்ந்தால் அது என்ன, எப்படி எழுதுவது, எதைக் குறிக்கிறது என்று தடுமாறுகிறோம். அந்தத் தடுமாற்றத்தைத் தீர்க்கத்தான் இதை எழுதுகிறேன். கடை போடுகிறவர்களுக்கு முதலில், பள்ளிக்கூடக் கட்டுரை எழுதுகிறவர்களுக்கும் கொஞ்சம்.

துரித உணவு வேறு, பாஸ்ட்புட் வேறு

இதைத்தான் நான் எல்லோரிடமும் முதலில் சொல்வேன். இரண்டும் ஒன்றின் மொழிபெயர்ப்புதானே என்பார்கள். அகராதியில் அப்படித்தான். தெருவில் அப்படியில்லை.

அகராதிப் பொருள் அமெரிக்காவில் பிறந்தது. 1921-இல் கன்சாஸ் மாநிலத்து விசிட்டா நகரில் ஒயிட் காசில் என்ற கடை 5 சென்ட்டுக்கு ஹாம்பர்கர் விற்க ஆரம்பித்தது. 1948-இல் கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் மெக்டொனால்டு சகோதரர்கள் நன்றாக ஓடிக்கொண்டிருந்த கடையைச் சில மாதம் மூடி, மெனுவைச் சுருக்கி, தட்டையும் முள்கரண்டியையும் ஒழித்து, அடுப்படியைத் தொழிற்சாலை மாதிரி மாற்றி மறுபடி திறந்தார்கள். ஒருவன் கறியை மட்டும் சுடுவான், ஒருவன் பன்னை மட்டும் அடுக்குவான். ஹாம்பர்கர் 15 சென்ட். பிற்பாடு அமெரிக்க அகராதிகளும் "ஃபாஸ்ட் ஃபுட்" என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டன. வேகம் என்று அவர்கள் சொன்னது அந்த அடுப்படியின் வேகத்தை. ஆள் வருவதற்கு முன்பே பாதி வேலை முடிந்திருக்கும், வந்ததும் கையில் கொடுத்துவிடலாம்.

இந்தப் பொருளில் எழுத வேண்டிய இடங்களில் "துரித உணவு" என்று எழுதுங்கள். நாளிதழ், பாடப்புத்தகம், ஆஸ்பத்திரி நோட்டீஸ் எல்லாவற்றிலும் அதுதான் நிலைத்துவிட்டது. "துரித" வடமொழியிலிருந்து வந்தது என்று "விரைவு உணவு" என்பாரும் உண்டு. பொருள் சரிதான். ஆனால் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒருவர் பிடிவாதமாக "விரைவு உணவகம்" என்று போட்டார். எங்கள் ஊரில் விரைவு என்று பெரிய எழுத்தில் பார்த்தாலே அரசு விரைவுப் போக்குவரத்துக் கழகம்தான் ஞாபகம் வரும். திருவனந்தபுரம் வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டு வந்தார்கள் என்று அவரே சொல்லிச் சிரித்தார்.

பாஸ்ட்புட் என்று நாம் வாயால் சொல்வது இதில் எதுவும் இல்லை. தமிழ்நாட்டுச் சின்ன ஊர் ஒன்றில் அந்தச் சொல்லுக்குப் பொருள்: சாயங்காலம் ஆறு மணிக்குத் திறக்கிற கடை அல்லது தள்ளுவண்டி, ஆளுயரத்துக்குத் தீ எழும்புகிற அடுப்பு, இரும்புச் சட்டியில் கரண்டி இடிக்கிற சத்தம், சோயா சாஸும் வெள்ளை மிளகுத்தூளும் கருகுகிற வாசனை, ரைஸ், நூடுல்ஸ், கோபி, சில்லி. அவ்வளவுதான். பீட்சா அதில் இல்லை. பர்கர் இல்லை. அகராதிப்படி பார்த்தால் நம் ஊர் இட்லி அதைவிடத் துரிதம். உட்காரும் முன்பே இலையில் விழும். எங்கள் கரூரில் கரம் என்று ஒன்று உண்டு. பொரியோடு தட்டுவடையை நொறுக்கிப் போட்டு, கேரட் பீட்ரூட் துருவல், இரண்டு சட்னி, மேலே முட்டை வேண்டுமென்றால் முட்டை. ஒரு நிமிஷத்தில் கலக்கித் தந்துவிடுவார்கள். இதைவிட வேகமாக எந்த அமெரிக்காக்காரனும் கொடுக்க முடியாது. ஆனால் கரக்கடையை யாராவது பாஸ்ட்புட் என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? மாறாக, சனிக்கிழமை ராத்திரி காந்திகிராமத்தில் என் தம்பி போட்டிருக்கிற பாஸ்ட்புட் வண்டியில் ஒரு சிக்கன் ரைஸுக்கு அரைமணி நேரம் நிற்க வேண்டும். நின்றாலும் அது பாஸ்ட்புட்தான்.

ஆகவே "பாஸ்ட்" என்பது இங்கே வேகத்தைச் சொல்லவில்லை. அது ஒரு கடை வகையின் பெயர். எழுதும்போது இதை மனதில் வைத்தால் பாதித் தப்பு குறையும்.

எந்தக் கடைக்கு எந்தச் சொல்

நம் ஊரில் போர்டில் இருக்கிற ஒற்றைச் சொல்லை வைத்தே உள்ளே என்ன கிடைக்கும், எத்தனை மணிக்குக் கிடைக்கும் என்று தெரிந்துகொள்ளலாம். "மெஸ்" என்றால் மதியச் சாப்பாடு, வீட்டுக் குழம்பு வாசனை. "டிபன் சென்டர்" என்றால் காலையும் ராத்திரியும் இட்லி தோசை, மதியம் பூட்டு. "பரோட்டா ஸ்டால்" என்றால் சால்னா உண்டு. "பிரியாணி சென்டர்" என்றால் மதியம் மூன்று மணிக்கு மேல் போனால் அண்டா காலி. "ஹோட்டல்" எல்லாவற்றுக்கும் பொது. "கையேந்தி பவன்" என்பது நாம் வைக்கிற செல்லப் பெயர்; எந்தக் கடைக்காரரும் போர்டில் போட்டுக்கொள்ள மாட்டார்.

இந்த வரிசையில் பாஸ்ட்புட் தனி வீடு. அதனால் நீங்கள் முக்கியமாகப் பரோட்டா விற்கப் போகிறீர்கள், ஓரமாக ஒரு அடுப்பில் ரைஸும் போடுவேன் என்றால், "பரோட்டா ஸ்டால் & பாஸ்ட் புட்" என்று போடுங்கள். வெறும் பாஸ்ட் புட் என்று போட்டால் பரோட்டாவுக்கு வருகிறவர் தாண்டிப் போய்விடுவார். பாஸ்ட்புட் கடையில் போய் ரைஸுக்குச் சால்னா கேட்டால் மாஸ்டர் ஒரு பார்வை பார்ப்பார் பாருங்கள், அந்தப் பார்வைக்கே இரண்டு வீடுகளும் வேறு என்று புரியும். கிரில், ஷவர்மா விற்கிற புதுக் கடைகளையும் பாஸ்ட்புட்டில் சேர்க்காதீர்கள். அவர்களே "கிரில்", "பார்பிக்யூ" என்றுதான் கேட்டு வருகிறார்கள்.

இலங்கையிலிருந்து வந்து இங்கே இருக்கும் ஒரு அண்ணன் சின்னக் கடை ஒன்று போட்டார். ரோல்ஸ், பட்டிஸ், கட்லட், கொத்து ரொட்டி. பாஸ்ட் புட் என்று போடட்டுமா என்றேன். "அதெல்லாம் எங்கட ஊரில ஷார்ட் ஈட்ஸ் தங்கச்சி" என்றார். கரூரில் ஷார்ட் ஈட்ஸ் என்றால் யாருக்குப் புரியும்? கடைசியில் "கொத்து ரொட்டி - ரோல்ஸ்" என்று பண்டத்தின் பெயரையே பெரிதாகப் போட்டோம். வகைக்குப் பெயர் கிடைக்காதபோது பண்டத்தைப் போடுவதுதான் நல்லது.

வாக்கியத்தில் எப்படி வரும்

பேச்சில் இந்தச் சொல் மூன்று வேலை செய்கிறது. சாப்பாட்டைக் குறிக்கும்: "தினமும் பாஸ்ட்புட் தின்னா வயிறு என்னத்துக்கு ஆகும்?" கடையைக் குறிக்கும்: "அந்த பாஸ்ட்புட்டுக்கு எதுத்தாப்ல நில்லு, வந்துடறேன்." தொழிலைக் குறிக்கும்: "மச்சான் திருப்பூர்ல பாஸ்ட்புட் போட்டிருக்கான்." கடைசி வாக்கியத்தில் "துரித உணவு போட்டிருக்கான்" என்று மாற்றிப் பாருங்கள், எவ்வளவு அபத்தமாக இருக்கிறது என்று தெரியும். சமைக்கிறவர் பாஸ்ட்புட் மாஸ்டர். "துரித உணவு சமையல்காரர்" என்று எழுதி வேலைக்கு ஆள் தேவை நோட்டீஸ் ஒட்டினால் ஒரு ஆள் வர மாட்டான்.

எதிர்ப்பக்கமும் உண்டு. என் அம்மாவுக்குச் சர்க்கரையும் பிரஷரும். டாக்டர் "பாஸ்ட்புட் எல்லாம் நிறுத்திடுங்க" என்றார். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, "அதை நான் மிதிச்சதே இல்லீங்க" என்றது. உண்மைதான். அறுபது வயதில் யார் கோபி மஞ்சூரியன் கேட்கப் போகிறார்கள்? ஆனால் சாயங்காலமானால் பேக்கரி பப்ஸும் வாழைக்காய் பஜ்ஜியும் நடந்துகொண்டேதான் இருந்தன. டாக்டர் மனதில் இருந்தது அகராதிச் சொல், அம்மா காதில் விழுந்தது கடைப்பெயர். இப்போது யாராவது மருத்துவ முகாம் நோட்டீஸ் அடிக்க வந்தால் "பாஸ்ட்புட் தவிர்க்கவும்" என்ற வரியை நான் அப்படியே விடுவதில்லை. பப்ஸ், பஜ்ஜி, பரோட்டா, சிப்ஸ், ஊறுகாய் என்று பெயர் சொல்லி எழுதச் சொல்வேன்.

"ஜங்க் ஃபுட்" என்பதையும் இதனோடு குழப்புவார்கள். அது சத்தில்லாத தீனியைக் குறிக்கிற திட்டு. பாஸ்ட்புட் என்பது திட்டு அல்ல. சிப்ஸ் பாக்கெட் ஜங்க் ஃபுட், ஆனால் பாஸ்ட்புட் இல்லை. பாக்கெட் நூடுல்ஸை வீட்டில் வேகவைத்தால் அது உடனடி உணவு.

ஏழாவது படிக்கிற என் அண்ணன் மகள் "துரித உணவின் தீமைகள்" என்று கட்டுரை அடித்துத் தரச் சொல்லி வந்தாள். மூன்று பத்தியும் பர்கர், பீட்சா, பிரெஞ்சு ஃபிரை. "நீ கடைசியா எப்ப கண்ணு பர்கர் தின்ன?" என்றேன். தின்றதே இல்லையாம். "நேத்து என்ன தின்ன?" "மாமா வண்டியில கோபி." அதை எழுதுடி என்று திருப்பி அனுப்பினேன்.

எழுத்துக்கூட்டு

என்னிடம் இருக்கிற பழைய ஃபைல்களில் தேடினால் இந்த ஒரு சொல் ஏழெட்டு விதமாகக் கிடைக்கும். பாஸ்ட் புட், பாஸ்ட்புட், ஃபாஸ்ட் ஃபுட், ஃபாஸ்ட் புட், பாஸ்ட் ஃபுட், பாஷ்ட் புட், பாஸ்டு புட்டு. ஒரே போர்டில் மேலே ஒரு விதம், கீழே ஒரு விதம் போட்டுக் கொடுத்த பாவமும் எனக்கு உண்டு.

"ஃபாஸ்ட் ஃபுட்" என்பதுதான் ஓசைக்குச் சரி. ஆனால் இலக்கணப்படி ஆய்தம் ஒரு தனிக்குறிலுக்குப் பின்னும் வல்லின உயிர்மெய்க்கு முன்னும் வர வேண்டும். எஃகு, அஃது, இஃது. சொல்லின் முதலில் வராது. "ஃபா" என்று தொடங்குவது பிறமொழி ஓசைக்காக நாம் பின்னால் ஏற்படுத்திக்கொண்ட வசதி. அது எனக்குப் பிரச்சினை இல்லை. என் பிரச்சினை அந்த மூன்று புள்ளி. ரோட்டுக்கு அந்தப் பக்கம் பைக்கில் போகிறவன் ராத்திரி எட்டு மணிக்கு எல்இடி வெளிச்சத்தில் பார்க்கும்போது, ஆய்தம் எழுத்தாகத் தெரிவதில்லை, ஃபிளெக்ஸில் ஈ உட்கார்ந்த மாதிரி தெரிகிறது. ஆகவே என் முறை இது: தூரத்திலிருந்து படிக்கிற போர்டில் "பாஸ்ட் புட்", கையில் வைத்துப் படிக்கிற மெனு கார்டில் "ஃபாஸ்ட் ஃபுட்".

ஆய்தம் இல்லாவிட்டால் அது கடந்த காலத்தைக் குறிக்கிற ஆங்கில "பாஸ்ட்" ஆகிவிடுமே, பழைய சோறு என்று அர்த்தமாகுமே என்று ஒரு இங்கிலீஷ் வாத்தியார் கேலி செய்தார். கேலியில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. சூடான சோற்றைச் சட்டியில் போட்டால் குழைந்து ஒட்டிக்கொள்ளும். தம்பி மதியமே வடித்து, எண்ணெய் தடவிய தாம்பாளத்தில் பரத்தி ஆறவிட்டு, ஆறியதும் ஃபிரிட்ஜில் ஏற்றிவிடுவான். வெளியிலேயே மணிக்கணக்கில் விட்டால் சோற்றில் ஒருவகைக் கிருமி வளரும். அது உண்டாக்குகிற நஞ்சு மறுபடி வறுத்தாலும் போகாது. ஆகப் பழைய சோறு என்பது தப்பில்லை, ரொம்பப் பழசாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

சொற்களுக்கு நடுவில் இடைவெளி விடுவதா? போர்டில் விடுங்கள். கட்டுரை, கதை எழுதினால் சேர்த்தே எழுதலாம், ஏனென்றால் உருபு ஒட்டும்போது "பாஸ்ட்புட்டில்", "பாஸ்ட்புட்டுக்கு" என்று அது ஒரே சொல்லாகத்தான் நடக்கிறது. தமிழ்நாட்டில் பெயர்ப்பலகையில் தமிழ் முதலில் பெரிதாக, பிறகு ஆங்கிலம், பிறகு மற்ற மொழி என்று 5:3:2 அளவில் இருக்க வேண்டும் என்பது விதி. தமிழ் எழுத்தில் "பாஸ்ட் புட்" என்று எழுதினால் விதிக்குப் போதுமே என்பார் பலர். நான் சொல்வது: கடைப்பெயருக்குக் கீழே ஒரு வரியில் "துரித உணவகம்" என்றும் போட்டுவையுங்கள். படிக்க அழகாக இருக்கும், அதிகாரி வந்தாலும் பேச்சு இருக்காது. கூப்பிடப் போவது என்னவோ பாஸ்ட்புட் என்றுதான்.

மெனு கார்டு: சண்டை வருகிற இடம்

போர்டில் தப்பு வந்தால் சிரிப்பார்கள். மெனுவில் தப்பு வந்தால் பில்லில் சண்டை வரும்.

முதல் எச்சரிக்கை, 65. "கோபி 65" என்று அடித்துப் பக்கத்திலேயே "70" என்று விலை போட்டால், "கோபி 65 70" என்று நிற்கும். கோபி அறுபத்தைந்து ரூபாய்தானே, எதற்கு எழுபது வாங்கினாய் என்று தம்பி வண்டியிலேயே ஒருவர் மல்லுக்கு நின்றார். அன்றிலிருந்து 65-க்கும் விலைக்கும் நடுவில் புள்ளிக்கோடு ஓட்டி, விலைக்கு முன் ₹ குறி கட்டாயம் போடுகிறேன். இந்த 65 எங்கிருந்து வந்தது என்று எல்லோரும் ஒரு கதை சொல்வார்கள். சென்னை மவுண்ட் ரோடு புகாரி ஹோட்டலில் 1965-இல் மெனுவில் ஏறியதால் வந்தது என்பதுதான் அதிகம் சொல்லப்படுவது. எதுவானாலும் எண்ணால் போடுங்கள். "சிக்கன் அறுபத்தைந்து" என்று அடித்த மெனுவை ஒருவர் திருப்பிக் கொடுத்திருக்கிறார்.

இரண்டாவது, சில்லி. பெரிய ஓட்டலில் சில்லி சிக்கன் என்றால் குடைமிளகாய் போட்ட சாஸ் பதார்த்தம். நம் பக்கத்து ரோட்டுக்கடையில் சில்லி என்றால் சிவப்பு மசாலா தடவி எண்ணெயில் பொரித்தது, நூறு கிராம் இருநூறு கிராம் என்று தராசில் போட்டு, வெங்காயம் தூவித் தருவது. இரண்டையும் ஒரே கடையில் விற்றால், ஒன்றுக்கு "சில்லி சிக்கன் (100 கிராம்)" என்றும் மற்றதற்கு "சில்லி சிக்கன் கிரேவி" என்றும் பிரித்துப் போடுங்கள். கோபி மஞ்சூரியனுக்கும் அதே மாதிரி "ட்ரை", "கிரேவி" இரண்டையும் தனி வரியில் போடுங்கள். போடாவிட்டால், வறண்டதை எதிர்பார்த்தவன் குழம்பைப் பார்த்து முகம் சுளிப்பான்.

மஞ்சூரியன், ஷெஸ்வான், ஹக்கா மூன்றும் எழுத்துப்பிழையின் சுரங்கம். சீனாவின் மஞ்சூரியாவுக்கும் மஞ்சூரியனுக்கும் சம்பந்தம் பெயரளவில்தான். கல்கத்தாவில் பிறந்த சீன வம்சாவளிச் சமையல்காரர் நெல்சன் வாங், 1975 வாக்கில் மும்பை கிரிக்கெட் கிளப்பில் ஒரு வாடிக்கையாளர் புதுசாக ஏதாவது கொடு என்று கேட்டபோது, இஞ்சி பூண்டு பச்சைமிளகாயைத் தாளித்து, கரம் மசாலாவுக்குப் பதில் சோயா சாஸ் விட்டு, சோளமாவில் கெட்டியாக்கிக் கோழியைப் போட்டுக் கொடுத்தார் என்பது அவர் சொன்ன கதை. கோழி இருந்த இடத்தில் காலிஃபிளவர் வந்தது பிற்பாடு. ஷெஸ்வான் என்பது சீனாவின் சிச்சுவான் மாகாணம். அங்கே போடுகிற, நாக்கு மரத்துப்போகிற மிளகு நம் சாஸில் கிடையாது, காய்ந்த மிளகாயும் பூண்டும்தான். ஹக்கா என்பவர்கள் கல்கத்தாவில், குறிப்பாகத் தோல் பதனிடும் தாங்க்ராவில் குடியேறிய சீனச் சமூகத்தார். இதையெல்லாம் மெனுவில் போட வேண்டியதில்லை. "ஜெஸ்வான்", "மஞ்சுரியான்", "அக்கா நூடுல்ஸ்" என்று அடிக்காமல் இருந்தால் போதும். அக்கா நூடுல்ஸ் போட்டு ஒரு மெனு ஆறு மாதம் ஓடியது. மாஸ்டரோட அக்கா செய்யறது போல என்று நினைத்துக்கொண்டார்களாம்.

"ஃபிரைடு ரைஸ்" என்று எழுதுங்கள். "பிரைட் ரைஸ்" என்றால் கல்யாணப்பெண் சோறு. அதை "வறுத்த சோறு", "பொரித்த சாதம்" என்று தமிழாக்கித் தரச் சொல்லி ஒரு தமிழாசிரியர் கேட்டார். அவர் மேல் மரியாதை உண்டு, ஆனால் மெனுவில் அது வேலைக்காகாது. "முட்டை சாதம்" என்றால் வீட்டில் செய்கிற வேறு பண்டம் மனதுக்கு வரும், "எக் ரைஸ்" என்றால்தான் சட்டியில் கிண்டியது. காளானுக்கு மட்டும் தமிழே தெருவில் பலம். கோயம்புத்தூர்ப் பக்கம் ரோட்டோரத்தில் "காளான்" என்று கேட்டால் வருவது பெரும்பகுதி முட்டைக்கோஸும் மாவும் சேர்ந்த, வெங்காயமும் மல்லித்தழையும் தூவிய அந்தத் தட்டு. அதை "மஷ்ரூம் மஞ்சூரியன்" என்று அடித்தால் கோவைக்காரர் கேட்க மாட்டார், மஷ்ரூமை எதிர்பார்த்தவர் ஏமாந்து போவார்.

கட்டம் போடுகிற விதமும் சொல்லிவிடுகிறேன். பண்டத்தை இடப்பக்கம் கீழே கீழே எழுதி, வெஜ், எக், சிக்கன், மிக்ஸ்டு என்று மேலே தலைப்பாக வைத்தால், இருபது வரி எட்டு வரியாகிவிடும். மாஸ்டர்கள் பலர் நேபாளம், அசாம் பக்கத்திலிருந்து வந்தவர்கள். தமிழ் எழுத்து தெரியாது, கட்டத்தில் எந்த இடம் என்று பார்த்தே புரிந்துகொள்வார்கள்.

கடைசியில் ஓரமாகப் போட வேண்டியவை

உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் 14 இலக்கம். சின்னக் கடைக்கான பதிவு என்றால் 2-இல் ஆரம்பிக்கும், பெரிய கடைக்கான உரிமம் என்றால் 1-இல். தம்பி எடுத்தபோது வருடத்துக்கு 100 ரூபாய்தான் கட்டணம். எண்ணை வாட்ஸ்அப்பில் காப்பி செய்து அனுப்பச் சொல்லுங்கள், போனில் சொல்லக் கேட்டு அடித்தால் ஒரு பூஜ்யம் கட்டாயம் விழுந்துபோகும்.

"இங்கு அஜினமோட்டோ பயன்படுத்துவதில்லை" என்று ஒரு வரி போடச் சொல்லி நிறையப் பேர் கேட்கிறார்கள். அஜினமோட்டோ என்பது பொருளின் பெயரல்ல, ஒரு ஜப்பான் கம்பெனியின் பெயர். பொருள் மோனோசோடியம் குளூட்டமேட். 1908-இல் கிகுனே இகேதா என்ற டோக்கியோ பேராசிரியர் கடற்பாசிச் சாற்றிலிருந்து கண்டுபிடித்தது. கம்பெனிப் பெயர் நம் ஊரில் பொருளுக்கே பெயராகிவிட்டதால் போர்டில் அப்படியே போட்டால்தான் புரியும். ஆனால் போடுவதற்கு முன், நீங்கள் வாங்குகிற சாஸ் பாட்டில்களைத் திருப்பி, அந்தப் பொருளின் குறியீட்டு எண்ணான 621 இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த வரியை நான் அடித்துத் தர மாட்டேன்.

படத்துக்கு வருவோம். முன்பெல்லாம் கோபி படத்தை எவ்வளவு சிவப்பாக்க முடியுமோ அவ்வளவு சிவப்பாக்கச் சொல்வார்கள். 2024 மார்ச்சில் கர்நாடகத்தில் கோபி மஞ்சூரியனுக்குச் செயற்கை நிறம் போடத் தடை வந்தது. அதற்கு முந்தின மாதம் தமிழ்நாட்டில் ரோடமின் பி என்ற சாயம் கலந்த பஞ்சுமிட்டாய்க்குத் தடை. அதற்குப் பிறகு படம் ரத்தச்சிவப்பாக இருந்தால் சாப்பிட வருகிறவரே "கலரா?" என்று கேட்கிறார். இப்போது நான் கொஞ்சம் பழுப்பு ஏற்றி, காஷ்மீரி மிளகாய்த்தூள் போட்ட நிறத்துக்குக் கொண்டுவருகிறேன். டிராகன் படம் வேண்டாம் என்று சொல்லிப் பார்ப்பேன். கேட்க மாட்டார்கள்.

பிரிண்டுக்குப் போகும் முன் மெனுவை வேறு ஒருவரை விட்டு வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். எழுதியவர் கண்ணுக்குத் தன் பிழை தெரியாது. அவர் ஒவ்வொரு வரியையும் படிக்கும்போது நீங்கள் அடுப்படியில் நிற்கிற மாதிரி நினைத்துக்கொண்டு, எந்தப் பண்டத்தைத் தட்டில் போடுவீர்கள் என்று சொல்லிப் பாருங்கள். தடுமாறினால் அந்த வரியைத் திருத்த வேண்டும்.

எண்ணெய் விலை ஏறினால் மெனு விலையும் ஏறும், அதற்காகக் கார்டு முழுசையும் மறுபடி அடிக்க வேண்டாம். விலை இருக்கிற கட்டங்களின் அளவுக்கு வெள்ளை ஸ்டிக்கரில் எண்களை மட்டும் ஒரு ஷீட் அடித்துத் தந்துவிடுவேன். எல்லா விலையும் பூஜ்யத்திலோ ஐந்திலோதான் முடியும் என்பதால், அந்த இரண்டு எண்ணையும் மற்றதைவிட மூன்று மடங்கு கூடுதலாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.